மங்கிய கண்ணாடியும் மாணவியர் கற்ற பாடமும்

(பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு)



‘பதறாத காரியம் சிதறாது’ என்னும் பழமொழியைக் கட்டுரை நோட்டில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறோம். அதன் பொருள் எங்களுக்கு உறைத்தது இவ்வாண்டு அறிவியல் கண்காட்சியின்போதுதான்.

எங்கள் குழுவில் நால்வர். எங்களுள் ஒருத்தியின் தாத்தா, இந்திய விமானப் படையில் பராமரிப்புப் பணி செய்து ஓய்வு பெற்றவர். அவர் தம் கையால் ஒட்டிச் சேர்த்த ‘நேட்’ போர் விமானத்தின் பிளாஸ்டிக் மாதிரியைக் கண்காட்சியில் வைக்க எங்களிடம் தந்தார். உண்மையான நேட் விமானம் 9 மீட்டருக்கும் குறைவான நீளமுடையது. மாதிரியோ அதில் 72-இல் ஒரு பங்கு. ஏறத்தாழ 12 செ.மீ. நீளமே இருந்தது.

நேட் விமானம் இங்கிலாந்தில் வடிவமைக்கப்பட்டது. பின்னர் பெங்களூரிலுள்ள இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் தொழிற்சாலையிலும் கட்டப்பட்டது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில், ஆறு எதிரி விமானங்களை ஒற்றை நேட் விமானத்தில் எதிர்த்து உயிர் நீத்தார் நிர்மல்ஜித் சிங் செகோன். விமானப் படையில் பரம் வீர் சக்கர விருது பெற்றவர் இதுவரை அவர் ஒருவரே. அவர் பணியாற்றிய 18-ஆம் அணி, 2020 மே 27 அன்று நமது கோவைக்கு அருகிலுள்ள சூலூரில் ‘தேஜஸ்’ விமானங்களுடன் மீண்டும் தொடங்கப்பட்டது.

இத்தகைய விமானத்தின் மாதிரியைத்தான் நாங்கள் கெடுத்துவிட்டோம்!

விமானியின் தலைக்கு மேல் கவிந்திருக்கும் கண்ணாடி மூடியைக் ‘கேனப்பி’ என்பர். மாதிரியில் அது கட்டைவிரல் நுனி அளவே இருக்கும். அது கழன்று வந்ததும், நொடியில் ஒட்டும் பசையை வைத்து அழுத்தினோம். மறுநாள் காலை பார்த்தால் மூடி முழுவதும் வெண்பனி படர்ந்ததுபோல் இருந்தது. அப்பசையின் ஆவி காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து வெண்படலமாகப் படிந்துவிடும் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. பதற்றத்தில் நகப்பூச்சு நீக்கும் திரவத்தால் துடைத்தோம். அதிலிருந்த அசிட்டோன், பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கையே கரைத்து வெடிப்பு விடச் செய்தது. கண்காட்சிக்குப் பன்னிரண்டு நாட்களே இருந்தன.

மறைத்துவிடலாமா என்றுகூட ஒருத்தி கேட்டாள். இரவெல்லாம் உறக்கமில்லை. மறுநாள் நால்வரும் தாத்தாவிடம் சென்று உண்மையைச் சொன்னோம். அவர் மூடியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கண்ணுகளா, இந்தக் கண்ணாடியைத் துடைப்பதுதான் எனக்குத் தினமும் முதல் வேலை. அதில் ஒரு பொட்டு அழுக்கு இருந்தால் விமானிக்குத் தூரத்து எதிரி விமானம்போல் தெரியும். இது இனித் தெளியாது. புதிதாகச் செய்யுங்கள், இதையே அச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள்” என்றார்.

கெட்டுப்போன மூடியே புதிய மூடிக்குத் தாயாகும் என்பது எங்களுக்கு வியப்பாக இருந்தது. செய்த முறையைக் கீழே தருகிறோம்.

1. பழைய மூடியின் உட்புறத்தில் தேங்காய் எண்ணெயை மெல்லியதாகத் தடவி, எம்-சீல் கலவையை இடைவெளியின்றி அடைத்து, நடுவில் ஒரு குச்சியைச் செருகினோம். ஒரு நாள் இறுகிய பின் எடுத்தால் அச்சு கிடைத்தது.

2. அச்சிலுள்ள கீறல் ஒவ்வொன்றும் மூடியில் தெரியும். ஆகவே தோழியின் தந்தையின் லாரி பட்டறையில் பெயிண்ட் அடிக்கும் அண்ணனிடம் வாட்டர் பேப்பர் வாங்கி, 400, 800, 1500 என்ற வரிசையில் தண்ணீர் தொட்டுத் தேய்த்தோம். “கண்ணை நம்பாதீங்க, விரலால் தடவிப் பாருங்க” என்றார் அந்த அண்ணன்.

3. இனிப்புப் பெட்டியின் தெளிவான மூடியிலிருந்து ஒரு துண்டை வெட்டினோம். அதன் அடியில் முக்கோணத்துக்குள் 1 என்றிருந்தால் அது ‘பெட்’ பிளாஸ்டிக். 3 என்றிருந்தால் பி.வி.சி.; சூடு மிகுந்தால் தீய புகை வரும், வேண்டாம். துண்டை இரு பலகைச் சட்டங்களுக்கிடையே கிளிப் போட்டு இறுக்கினோம்.

4. சன்னல்களைத் திறந்து வைத்து, அறிவியல் சிஸ்டர் கையுறை அணிந்து, சட்டத்தை மின்னடுப்புக்கு ஒரு சாண் மேலே பிடித்தார்கள். தாள் இளகித் தொட்டில்போல் தொய்ந்ததும், அச்சின்மேல் நேராக அழுத்தினார்கள். சில நொடிகளில் ஆறி வடிவம் நின்றது.

வெப்பத்தால் இளகும் நெகிழி என்று பாடத்தில் படித்தது இதுதான்! ஆனால் முதல் முயற்சியில் சூடு போதாமல் ஓரங்களில் சுருக்கம் விழுந்தது. இரண்டாவதில் அதிக நேரம் காட்டியதால் தாள் பால்போல் வெளுத்தது. சூடு நீடித்தால் ‘பெட்’ பிளாஸ்டிக்கில் நுண்படிகங்கள் உண்டாகி ஒளியைச் சிதறடிக்கும். மூன்றாவதில் ஒரு தூசி ஒட்டிக்கொண்டது. ஐந்தாவதுதான் பளிங்குபோல் அமைந்தது.

5. பிளேடால் ஒரே வெட்டாக வெட்டாமல், மெல்லக் கோடிழுத்துக் கோடிழுத்து நறுக்கினோம். இம்முறை ஒட்டியது ஃபெவிகால் கொண்டு. அது காய்ந்தால் தெளிவாகும். மங்கச் செய்யும் ஆவியும் வராது. செலோ டேப்பில் பெயிண்ட் பூசி, நூல்போல் நறுக்கி, மூடியின் சட்டங்களாக ஒட்டினோம்.

உண்மையான விமான மூடிகளும் பல காலமாக அக்ரிலிக் பிளாஸ்டிக்கைச் சூடாக்கி வளைத்தே செய்யப்படுகின்றன. இதில் மற்றொரு செய்தியும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் மூடி சிதறி, அதன் துகள்கள் சில விமானிகளின் கண்களில் தைத்தன. அவை கண்ணை உறுத்தாமல் தங்கியிருப்பதைக் கவனித்தார் லண்டன் மருத்துவர் ஹெரால்டு ரிட்லி. 1949-இல் அதே வகைப் பிளாஸ்டிக்கால் லென்ஸ் செய்து, கண்புரை நோயாளிக்குப் பொருத்தினார். இன்று நம் பாட்டிமார் ‘கண்ணுக்குள் லென்ஸ்’ என்று சொல்வது அவ்வாறு வந்ததே. 1992 முதல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்த ஆரோலேப் நிறுவனம், ஏழைகளுக்கும் எட்டும் விலையில் இந்த லென்ஸ்களைச் செய்து வருகிறது. விமானியின் பார்வைக்கு வந்த பொருள் முதியோரின் பார்வையையும் மீட்டது!

கண்காட்சி நாளில் விமானத்தின் பக்கத்தில் மங்கிய பழைய மூடியையும், தவறிப்போன நான்கு மூடிகளையும் வரிசையாக வைத்தோம். பெற்றோர் பலர் விமானத்தைவிட அவற்றைப் பற்றியே கேள்வி கேட்டனர். தாத்தா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். “இருக்கை தெரிகிறது” என்றார். எங்களுக்கு அதுவே முதற்பரிசு.

தோழியரே, பொருள் கெட்டுவிட்டால் பதறாதீர்கள், மறைக்காதீர்கள். கெட்டதையே அச்சாக வைத்து நல்லதைச் செய்ய முடியும் என்பதை நாங்கள் கண்டோம்.