ஓடிபி பார்த்துவிட்டு வந்தால் படிவம் காணோமா? டெவலப்பர் ஆப்ஷன்ஸை ஒருமுறை பாருங்க!

வருமானச் சான்றிதழுக்கு போனிலேயே விண்ணப்பிக்கிறீர்கள். பெயர், முகவரி, தந்தை பெயர் எல்லாம் போட்டாச்சு. ஓடிபி வருகிறது. அதைப் பார்க்க மெசேஜுக்குப் போய்விட்டுத் திரும்பினால் படிவம் காலி! இல்லையென்றால் ஆப் முதலிலிருந்து திறக்கிறது. எத்தனை முறை நிரப்பினாலும் இதே கதைதான். "சர்வர் சரியில்லை" என்று விட்டுவிடுகிறோம். கடைசித் தேதியும் போய்விடுகிறது. ஆனால் கோளாறு உங்கள் போனில் உள்ள ஒரே ஒரு சுவிட்சில்கூட இருக்கலாம்.

டெவலப்பர் ஆப்ஷன்ஸ் என்றால் என்ன?

ஆப் தயாரிப்பவர்கள் தங்கள் ஆப்பைச் சோதித்துப் பார்ப்பதற்காக ஆண்ட்ராய்டு போனில் உள்ள பகுதி இது. 2012-இல் வந்த ஆண்ட்ராய்டு 4.2 முதல் இது மறைத்தே வைக்கப்பட்டிருக்கிறது. பெரும்பாலான போன்களில் 'பில்ட் நம்பர்' என்ற வரியை 7 முறை தொட்டால்தான் திறக்கும். "இதை மாத்தினா போன் வேகமாகும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு வீட்டுப் பிள்ளைகள் திறந்திருக்கலாம். பழைய போனை வாங்கியிருந்தால், முன்பு வைத்திருந்தவர் திறந்து வைத்திருக்கலாம்.

தேடுவது எப்படி?

செட்டிங்ஸைத் திறந்து, பூதக்கண்ணாடிப் படத்தைத் தொட்டு, 'டெவலப்பர்' என்று தேடுங்கள். போன் ஆங்கிலத்தில் இருந்தால் ஆங்கிலத்தில் தேட வேண்டும். தேடலில் வரவில்லையா? செட்டிங்ஸின் கடைசி வரியிலோ, 'சிஸ்டம்' அல்லது 'அடிஷனல் செட்டிங்ஸ்' பகுதிக்குள்ளோ இருக்கிறதா என்று பாருங்கள். எங்குமே இல்லை என்றால் உங்கள் போனில் அது திறக்கப்படவில்லை. நீங்களாகத் திறக்க வேண்டாம். நேராக 'சுவிட்ச் சரியாக இருந்தும் படிவம் போகிறதா?' என்ற பகுதிக்கு வந்துவிடுங்கள்.

பார்க்க வேண்டிய இரண்டு இடங்கள்

உள்ளே பட்டியல் மிக நீளம். பயப்பட வேண்டாம். கீழே தள்ளிக்கொண்டே போனால் 'ஆப்ஸ்' என்ற தலைப்பு வரும்.

1. டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்: இது ஆன் ஆகியிருந்தால், நீங்கள் வேறு ஆப்புக்குப் போன அந்த நொடியே முந்தைய ஆப்பின் திரையை போன் அழித்துவிடும். அப்படி அழிந்தாலும் விவரங்கள் பத்திரமாக இருக்கின்றனவா என்று ஆப் தயாரிப்பவர்கள் சோதிப்பதற்கான வசதி இது. நமக்குத் தேவையில்லை. ஆஃப் பண்ணுங்க.

2. பேக்ரவுண்ட் பிராசஸ் லிமிட்: இதில் 'ஸ்டாண்டர்ட் லிமிட்' என்றுதான் இருக்க வேண்டும். 'நோ பேக்ரவுண்ட் பிராசஸஸ்' என்று இருந்தால், நீங்கள் மெசேஜைப் படித்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் இருக்கும் ஆப்பை போன் மூடிவிடும்.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்

மாற்றுவதற்கு முன் அந்தத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். முதலில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பிறகு படிவத்தில் பெயரை மட்டும் நிரப்பி, ஹோம் பட்டனை அழுத்தி, மெசேஜைத் திறந்து, திரும்பி வந்து பாருங்கள். பெயர் அப்படியே இருந்தால் கோளாறு பிடிபட்டது. இல்லையென்றால் அடுத்ததை மாற்றுங்கள். நாலைந்தை ஒரே மூச்சில் மாற்றினால் எது சரி செய்தது, எது கெடுத்தது என்றே தெரியாமல் போய்விடும்.

இருப்பிடம் தவறாகக் காட்டுகிறது என்றால் அதே பட்டியலில் 'மாக் லொகேஷன் ஆப்' என்ற வரியில் ஏதாவது ஆப் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். தொடும் இடமெல்லாம் திரையில் கோடு விழுந்தால் 'பாயிண்டர் லொகேஷன்' ஆன் ஆகியிருக்கும்.

வேலை முடிந்ததும் மேலே உள்ள 'யூஸ் டெவலப்பர் ஆப்ஷன்ஸ்' சுவிட்சை ஆஃப் செய்துவிடுங்கள். பெரும்பாலான அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

இதில் மட்டும் கவனம் தேவை

'யூஎஸ்பி டீபக்கிங்' ஆன் ஆகியிருந்தால், நீங்கள் அனுமதித்த கணினி ஒன்று கேபிள் வழியாக உங்கள் போனில் ஆப்களை நிறுவ முடியும், கோப்புகளை எடுக்க முடியும். சில வங்கி ஆப்கள் இது ஆன் ஆகியிருந்தால் திறக்கவே மறுக்கும். பொது இடத்தில் சார்ஜ் போடும்போது "அலவ் யூஎஸ்பி டீபக்கிங்" என்று கேட்டால் அனுமதிக்காதீர்கள். "பில்ட் நம்பரை 7 தடவை தொடுங்க சார்" என்று முன்பின் தெரியாதவர் போனில் சொன்னால் உடனே வைத்துவிடுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 எண்ணில் புகார் செய்யுங்கள்.

சுவிட்ச் சரியாக இருந்தும் படிவம் போகிறதா?

நினைவகம் குறைவான போனில் பல ஆப்கள் திறந்திருந்தாலும் இதே கோளாறு வரும். விண்ணப்பிக்கும் முன் மற்ற ஆப்களை மூடுங்கள். ஓடிபி வந்ததும் மெசேஜ் ஆப்புக்குப் போகாமல், திரையின் மேலிருந்து கீழே இழுத்து அறிவிப்பிலேயே எண்ணைப் படித்துவிடுங்கள். படிவத்தை விட்டு வெளியேறாததால் அது அழியாது.

"செஷன் எக்ஸ்பயர்ட்" என்று செய்தி வந்தால் காரணம் வேறு. குறிப்பிட்ட நேரத்துக்குள் நீங்கள் எதுவும் செய்யாததால் தளம் உங்களை வெளியேற்றியிருக்கிறது. ஆவணங்களை முன்பே எடுத்து வைத்துக்கொண்டு, மறுபடி லாகின் செய்து வேகமாக முடியுங்கள்.

அப்படியும் முடியவில்லையா? உதவி எண்ணை அழைக்கும்போது "ஆப் ஓடல" என்று மட்டும் சொல்லாதீர்கள். போன் மாடல், ஆண்ட்ராய்டு பதிப்பு, எந்தப் பக்கத்தில் நின்றது, என்ன செய்தி வந்தது என்ற நான்கையும் சொல்லுங்கள். ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் ஆதார் எண்ணை மறைத்து அனுப்புங்கள். ஓடிபியை உதவி மையத்தாரிடம்கூடச் சொல்லக் கூடாது.