மாத்திரை வழி எழுத்து: வாசிக்க இடர்ப்படும் குழந்தைகளும் மாணவர் இசைத்தொண்டும்

முன்னுரை

ஆயக்குடி பழனியை அடுத்து, மலையடிவாரத்தில் அமைந்த பேரூர். கொய்யாத் தோப்புகளால் பெயர் பெற்றது. போட்டித் தேர்வு எழுதும் இளைஞர்க்கு வார இறுதி நாள்களில் கட்டணமின்றிப் பயிற்சி அளித்த மக்கள் மன்றத்தாலும் அவ்வூர் தமிழகம் அறிந்த ஊராயிற்று. கற்றவர் பிறர்க்குக் கைம்மாறு கருதாது கற்பிக்கும் வழக்கம் அம்மண்ணுக்குப் புதிதன்று.

ஆயினும், போட்டித் தேர்வின் வாயிலை எட்டுவதற்கு நெடுங்காலம் முன்னரே, மூன்றாம் நான்காம் வகுப்பிலேயே, எழுத்தின் முன் திகைத்து நின்றுவிடும் குழந்தைகள் எல்லா ஊர்களிலும் உளர். அத்தகைய சிறுவன் ஒருவனை எண்ணிப் பார்ப்போம். கொய்யாவைக் கண்டதும் தரம் பிரித்துச் சொல்வான். தைப்பூச நாள்களில் பழனிச் சாலை வழியே செல்லும் நடைப்பயணிகளின் பாட்டை இருமுறை கேட்டால் பிழையின்றிப் பாடிக் காட்டுவான். ஆனால் ‘கொய்யா’ என்று எழுதச் சொன்னால் அவன் கை நின்றுவிடும். வகுப்பில் அவனுக்குச் சூட்டப்படும் பெயர் ‘மக்கு’ என்பது. சில ஆண்டுகளில் அவன் பள்ளியை விட்டுத் தோப்புக்கே சென்றுவிடுவான். அறிவு குறைந்ததனால் அன்று. அவன் அறிவு நுழையும் வாயிலை நாம் அறியாததனால்.

கண்வழி எழுத்துக்குச் செல்ல இயலாத அச்சிறுவனைச் செவிவழி அழைத்துச் செல்லக் கூடுமா? கல்லூரி மாணவர் அப்பணியில் எவ்வளவு உதவ இயலும்? இவ்விரு வினாக்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

டிஸ்லெக்ஸியா என்பது யாது?

அறிவாற்றல் குன்றாத குழந்தைக்கு, முறையான கல்வி கிடைத்தும், எழுத்துகளைக் கூட்டிப் படிப்பதிலும் பிழையின்றி எழுதுவதிலும் நீங்காத இடர்ப்பாடு இருப்பின் அதனை டிஸ்லெக்ஸியா என்பர். 1887-ஆம் ஆண்டு ஜெர்மன் நாட்டுக் கண் மருத்துவர் ருடால்ஃப் பெர்லின் இச்சொல்லை ஆண்டார். 1896-இல் ஆங்கில மருத்துவர் பிரிங்கிள் மார்கன் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். எல்லாப் பாடங்களையும் வாய்மொழியாகவே கற்பித்தால் அச்சிறுவனே பள்ளியில் தலைசிறந்தவனாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் கூறியதாக அக்குறிப்பில் காண்கின்றோம். நூற்றாண்டுக்கு மேற்பட்ட அச்சொல் இன்றும் பொருந்துகின்றது.

தொடக்கத்தில் இதனைக் கண்ணின் குறை என்றே கருதினர். பின்வந்த ஆய்வுகள் வேறு உண்மையைக் காட்டின. சொல்லுக்குள் அடங்கிய ஒலிகளைப் பிரித்து உணர்வதில்தான் இக்குழந்தைகளுள் பலர் இடர்ப்படுகின்றனர். இது சோம்பலன்று, பெற்றோர் குற்றமன்று, அடித்துத் திருத்தக் கூடியதுமன்று. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வகுத்த 21 வகைகளுள் கற்றல் குறைபாடும் ஒன்றாக இடம்பெற்றுள்ளமை நோக்கத்தக்கது.

தமிழில் எழும் இடர்கள்

ஆங்கிலத்தில் எழுதுவது ஒன்று, ஒலிப்பது மற்றொன்று. தமிழில் அத்தொல்லை குறைவு. எனினும் தமிழ் எழுத்துக்கென்று தனி இடர்கள் உண்டு. ‘கொ’ என்பதில் முதலில் ஒலிப்பது ககர மெய். பின் ஒலிப்பது ஒகர உயிர். எழுதும்போதோ உயிரின் குறி ககரத்தின் இருபுறமும் நிற்கின்றது. ‘கெ’, ‘கை’ ஆகியவற்றில் உயிரின் குறி முன்னே வந்துவிடுகின்றது. செவி கேட்கும் வரிசையும் கண் காணும் வரிசையும் மாறுபடுகின்றன. கெ, கே என்பவற்றுக்கு இடையே சிறு சுழி ஒன்றே வேறுபாடு. ண, ன, ந என்பனவும், ல, ள, ழ என்பனவும், ர, ற என்பனவும் செவிக்கு நெருங்கி நின்று மயங்க வைக்கின்றன. ககரம் ஒன்றே ‘கல்’லில் ஒரு வகையாகவும், ‘தங்க’த்தில் ஒரு வகையாகவும், ‘பக’லில் ஒரு வகையாகவும் ஒலிக்கின்றது. இவற்றைப் பிற குழந்தைகள் பழக்கத்தால் கடந்துவிடுகின்றனர். இக்குழந்தைகட்கு ஒவ்வொன்றையும் பிரித்துக் காட்டிப் பலமுறை பயிற்ற வேண்டியுள்ளது.

இலக்கணம் காட்டும் வழி

இவ்விடத்தில் நம் இலக்கணம் துணை செய்கின்றது. எழுத்தை வடிவாக மட்டுமன்றிக் கால அளவுடைய ஒலியாகவும் கண்டவர் தொல்காப்பியர். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று நூன்மரபில் வகுத்தார். மாத்திரைக்கு அவர் காட்டிய அளவுகோல் கண்ணிமைப்பும் கைந்நொடியும் ஆகும். கருவி வேண்டாத இவ்வளவுகோல் எந்தக் குழந்தையிடமும் உண்டு. பிறப்பியலில், லகரமும் ளகரமும் நா அண்ணத்தை ஒற்றுதலாலும் வருடுதலாலும் வேறுபடுவதையும் அவரே விளக்கினார். இவற்றைத் தேர்வுக்குரிய நூற்பாக்களாக மனப்பாடம் செய்யும் நாம், இவை ஒரு குழந்தையின் கைக்கும் நாவுக்கும் உரிய பாடம் என்பதை மறந்துவிட்டோம்.

எதுகையும் மோனையும் இவ்வகையினவே. முதலெழுத்து ஒன்றுவதும் இரண்டாம் எழுத்து ஒன்றுவதும் ஒலியைப் பிரித்துக் கேட்கும் பயிற்சியன்றி வேறென்ன? திண்ணைப் பள்ளியில் ஓசையுடன் சொல்லிக்கொண்டே மணலில் விரலால் எழுதிய முறையில் செவி, வாய், கை, கண் நான்கும் ஒருங்கே இயங்கின. மக்தபில் திருக்குர்ஆன் ஓதப் பயிலும் சிறுவர், நீட்டி ஓத வேண்டிய இடத்தை விரல் மடக்கி அளந்து பழகுவதை நாம் காண்கின்றோம். அது இசையன்று, தஜ்வீது எனும் ஓதல் நெறி. எனினும் ஒலியின் அளவைக் குழந்தை கையால் உணரலாம் என்பதற்கு அதுவும் சான்றாகும்.

ஆய்வுகள் கூறுவன

1983-இல் பிராட்லி, பிரையன்ட் என்னும் ஆங்கில ஆய்வாளர் இருவர், இயைபும் மோனையும் கொண்டு ஒலிகளை வகைப்படுத்தப் பயின்ற குழந்தைகளின் வாசிப்பு மேம்பட்டதை வெளியிட்டனர். அவர்களுள்ளும் ஒலியோடு எழுத்தையும் சேர்த்துப் பயின்றவரே மிகுதியும் முன்னேறினர். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் உஷா கோஸ்வாமி, இக்குழந்தைகள் பேச்சின் தாளத்தை, அதாவது அசை எழும்பும் கணத்தை, உணர்வதில் இடர்ப்படுகின்றனர் என 2002 முதல் ஆய்ந்து கூறி வந்தார். 2015-இல் இத்தாலியில், இடர்ப்படும் குழந்தைகளுள் ஒரு குழுவுக்கு இசையும் மற்றொரு குழுவுக்கு ஓவியமும் பயிற்றினர். இசை பயின்றோர் ஒலியுணர்விலும் வாசிப்பிலும் கூடுதல் முன்னேற்றம் பெற்றனர்.

மறுபுறத்தையும் மறைத்தல் தகாது. உலக ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் குழுமத்தின் 2012-ஆம் ஆண்டு அறிக்கை, இசைக்கல்வி இக்குழந்தைகளின் வாசிப்பை வளர்க்கும் என உறுதி கூறத்தக்க தரமான ஆய்வு அதுவரை ஒன்றும் இல்லை என்றது. ஆகவே இசை மருந்தன்று என்பதை நாம் மனங்கொள்ள வேண்டும். எழுத்தையும் ஒலியையும் முறைப்படி இணைத்துக் கற்பிப்பதே அடிப்படை. அவ்விணைப்பை எளிதாக்கும் பாலமாக இசை அமையலாம். எழுத்தில் சென்று முடியாத பாட்டு, குழந்தையை மகிழ்விக்கும், படிக்க வைக்காது.

தமிழகத்து முன்னோடிகள்

1990-களின் தொடக்கத்தில் சென்னை டிஸ்லெக்ஸியா சங்கம் தோன்றி, இக்குழந்தைகட்கு ஏற்ற கற்பித்தலையும் ஆசிரியர் பயிற்சியையும் முன்னெடுத்தது. அதே காலத்தில் அறிவொளி இயக்கம் பாட்டையும் வீதி நாடகத்தையும் கருவியாகக் கொண்டு, தொண்டர் படையுடன் ஊர்தோறும் எழுத்தைக் கொண்டு சென்றது. புதுக்கோட்டை மாவட்டத்தில் அது பேரியக்கமாயிற்று. அவ்வியக்கம் முதியோர்க்கு உரியது. வாசிப்பு இடர்ப்பாட்டைக் கருதி எழுந்ததன்று. எனினும் பாட்டு எழுத்தின் மீதுள்ள அச்சத்தை நீக்கும் என்பதையும், தொண்டர் ஆசிரியராகலாம் என்பதையும் அது மெய்ப்பித்தது. பெருந்தொற்றுக்குப் பின் 2021-இல் தமிழக அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ தெருவோரத்துத் திண்ணைகளையே வகுப்பறைகளாக்கிற்று. 2022-இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பாடலையும் ஆடலையும் தொடக்க வகுப்புகளுக்குள் கொணர்ந்தது. இந்நான்கின் படிப்பினையையும் ஒன்று சேர்ப்பின் மாணவர் தொண்டுக்கு ஒரு நெறி கிடைக்கும்.

அரைமணிப் பாடம் ஒன்று

தம்புராவும் ஆர்மோனியமும் வேண்டா. குரலும் இரு கைகளும் போதும். மணல் பரப்பிய தட்டு ஒன்றும் எழுத்தட்டைகள் சிலவும் இருப்பின் நன்று. ஐந்து குழந்தைகட்கு ஒரு மாணவர் எனக் கொள்ளலாம்.

முதற்படி, அசை தட்டுதல். குழந்தை தன் பெயரையும் தன் ஊர்ப் பெயரையும் பாட்டிசையில் சொல்லிக் கைதட்டுக. ‘பழனி’க்கு மூன்று தட்டு, ‘ஆயக்குடி’க்கு ஆ, யக், கு, டி என நான்கு, ‘கொய்யா’வுக்கு இரண்டு. கும்மியடிக்கத் தெரிந்த குழந்தைக்கு இது விளையாட்டே.

இரண்டாம் படி, குறிலும் நெடிலும். குறிலுக்கு ஒரு நொடிப்பு. நெடிலுக்கு நொடித்த கையை அகல விரித்து நீட்டுதல். கல், கால், மலை, மாலை, எரி, ஏரி, கொடி, கோடி என இணை இணையாகப் பாடுக. ஓசை நீண்டால் பொருளே மாறிவிடுவதைக் குழந்தை தானே கண்டுகொள்ளும். அக்கணத்தில்தான் ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் உள்ள வேறுபாட்டை அட்டையில் காட்ட வேண்டும்.

மூன்றாம் படி, ஒலியை மாற்றுதல். படம், இடம், தடம், வடம் என ஒருவர் தொடங்க மற்றவர் தாளம் தவறாது தொடர்க. மாறியது எவ்வெழுத்து, மாறாதது எவ்வெழுத்து என வினவுக.

நான்காம் படி, எழுதுதல். பாடிய சொல்லையே, ஒவ்வோர் எழுத்தையும் அதன் அளவுக்கு ஒலித்துக்கொண்டு மணலில் எழுதுக. ‘கொய்யா’ என்பதில் கொ ஒன்று, ய் அரை, யா இரண்டு. ஆக மூன்றரை மாத்திரை. கொம்பும் காலும் ககரத்தைச் சூழ்ந்து நிற்பினும் அஃது ஒரே நொடிப்பு என்பதைக் கை அறிந்தபின் கண் மருளாது. இறுதியில் அச்சொல்லை அட்டையிலிருந்து பாட்டின்றி வாசிக்கச் செய்க. இவ்விறுதிச் செயலின்றி எந்நாளும் பாடத்தை முடித்தலாகாது.

தொண்டர்க்குரிய வரையறைகள்

குழந்தைக்கு டிஸ்லெக்ஸியா உள்ளது என்று அறுதியிடுவது நம் பணியன்று. கண்ணும் காதும் சோதிக்கப்பட்டனவா எனக் கேட்டு, வகுப்பாசிரியர் வழியாகத் தகுந்த வல்லுநரிடம் அனுப்புதலே நம் கடன். சான்று பெற்ற மாணவர்க்குப் பொதுத் தேர்வில் சலுகைகள் உண்டு என்பதைப் பெற்றோர்க்கு எடுத்துரைத்தலும் தொண்டே. பிறர் முன்னிலையில் உரக்க வாசிக்குமாறு குழந்தையை வற்புறுத்தலாகாது. பேரொலியை அஞ்சும் குழந்தையும் உண்டு. தாளம் பிடிபடாத குழந்தையும் உண்டு. தாளம் தவறினால் நகைப்போமாயின், கரும்பலகையின் முன் பட்ட அவமானத்தைப் பாட்டிலும் அதற்குத் தந்தவராவோம்.

யாவற்றினும் முதன்மையானது தொடர்ச்சி. 1969-இல் தொடங்கப்பெற்ற நாட்டு நலப்பணித் திட்டம் மாணவர் ஒருவரிடம் ஈராண்டில் 240 மணி நேரத் தொண்டினை எதிர்நோக்குவது. அஃது ஆண்டுக்கு 120 மணி. வாரம் மூன்று நாள், நாளுக்கு அரைமணி என முப்பது வாரங்கள் கற்பிப்பினும் 45 மணியே செலவாகும். ஏழு நாள் முகாமில் மரக்கன்று நட்டுப் படம் எடுத்துத் திரும்புவதினும், முப்பது வாரம் ஐந்து குழந்தைகளோடு அமர்வது கடினமான தொண்டு, பயனும் பெரிது. பாதியில் விட்டுச் சென்றால், தன்னால் இயலாததனால்தான் அண்ணன் வரவில்லை என அக்குழந்தை எண்ணிக்கொள்ளும்.

முடிவுரை

தமிழ்த்துறை மாணவர் படிக்கும் எழுத்திலக்கணத்துக்கு வாழ்வில் யாது பயன் என்னும் வினாவை நாம் அடிக்கடி எதிர்கொள்கின்றோம். மாத்திரை என்பது செய்யுளை அளக்க மட்டும் வந்ததன்று. நாற்பது பேர் நிறைந்த வகுப்பில் பின்வரிசையில் தலைகுனிந்திருக்கும் சிறுவன் ஒருவனுக்கு, எழுத்து என்பது நீ ஏற்கெனவே பாடி அறிந்த ஒலிதான் என்று உணர்த்தும் திறவுகோலும் அதுவே.

ஊர்ப் பெரியோர் பள்ளித் திண்ணையையோ சமுதாயக் கூடத்தையோ மாலையில் அரைமணி திறந்து தரலாம். ஆசிரியப் பெருமக்கள் இடர்ப்படும் குழந்தைகளைக் கடிந்து ஒதுக்காமல் அடையாளம் காட்டலாம். மாணவத் தோழர்கள் தம் கைந்நொடியை அவர்கட்கு ஈயலாம். சாலையில் கேட்ட பாட்டைப் பாடத் தெரிந்த அச்சிறுவன், தன் தோப்பின் கனியைத் தன் கையாலேயே பிழையின்றி எழுதிக் காட்டும் நாளில் அவனுக்குச் சூட்டிய பழம்பெயர் தானே உதிர்ந்துவிடும். அந்நாளை விரைவுபடுத்துவது நம் கையில் உள்ளது எனக் கருதுகின்றோம்.