வான்வழித் தூரம்: இலண்டனும் டோக்கியோவும்

இலண்டன் மாநகருக்கும் யப்பானின் தலைநகராகிய டோக்கியோவுக்கும் இடையே ஆகாயமார்க்கமாக எவ்வளவு தூரம் என வினவின், மாணவர் பெரும்பாலும் தேசப்படத்தை விரித்து அளவுகோலை வைப்பர். சுவரிலே தொங்கும் மேர்க்கேற்றர் படத்தில் இவ்விரு நகரங்களையும் இணைக்கும் நேர்கோடு உக்ரேன், கசகஸ்தான், சீனா ஆகிய நாடுகளின் மேலாகச் செல்லும். அக்கோட்டின் வழியே பறப்பின் தூரம் ஏறத்தாழ 11,290 கிலோமீற்றர். ஆயின் மிகக் குறுகிய வழி அதுவன்று.

1569 ஆம் ஆண்டில் மேர்க்கேற்றர் என்பார் அமைத்த அப்படம் மாலுமிகளுக்கென வரையப்பட்டது. திசைகாட்டியின் கோணம் மாறாது செல்லும் வழி அதில் நேர்கோடாகத் தோன்றும். அவ்வசதியின் பொருட்டுத் துருவத்தை நெருங்கும் நாடுகள் அளவுக்கு மிஞ்சி அகன்று நிற்கும். எனவே அதில் நேராகத் தோன்றுவது பூமியின்மேல் நெடிய வழியாக முடிதலும் உண்டு.

உண்மையை அறிய ஒரு பூகோள உருண்டையும் ஒரு நூலும் போதும். இரு நகரங்களுக்குமிடையே நூலை இறுக இழுத்துப் பிடித்தால், அது ஸ்கந்திநேவியாவின் மேலாக வடக்கே ஏறி, ஆட்டிக்கு வட்டத்தையும் கடந்து, ஏறத்தாழ 71 பாகை வட அகலக்கோட்டை எட்டிப் பின்னர் சைபீரியாவின் மேலாக இறங்கும். பூமியின் மையத்தைத் தன் மையமாகக் கொண்ட பெருவட்டத்தின் ஒரு வில்லே இந்நூல்.

இதன் நீளத்தைக் கணித்தலும் எளிது. இலண்டன் 51.5 பாகை, டோக்கியோ 35.7 பாகை வட அகலக்கோடுகளில் உள்ளன. நெடுங்கோட்டு வித்தியாசம் 139.8 பாகை. இரு அகலக்கோடுகளின் சைன்களையும் பெருக்கினால் 0.4567 வரும். அவற்றின் கோசைன்களையும் நெடுங்கோட்டு வித்தியாசத்தின் கோசைனையும் பெருக்கினால் −0.3861 வரும், 90 பாகைக்கு மேற்பட்ட கோணமாதலின் அதன் கோசைன் மறையெண்ணாகும். இரண்டையும் கூட்டப் பெறும் 0.0706 என்பது 85.95 பாகையின் கோசைன். பெருவட்டத்தில் ஒரு பாகைக்கு 111.2 கிலோமீற்றராக, தூரம் ஏறத்தாழ 9,560 கிலோமீற்றர். படத்துக் கோட்டிலும் இது 1,700 கிலோமீற்றருக்கு மேற் குறைவு.

எனினும் கணிதம் காட்டும் வழி எக்காலமும் திறந்திருப்பதில்லை. சோவியத் வான்வெளி அடைபட்டிருந்த காலத்தில், 1957 பெப்ரவரியில் ஸ்கந்திநேவிய விமானச் சேவை கோப்பன்ஹேகனிலிருந்து வடதுருவப் பக்கமாக, அலாஸ்காவின் அங்கரேஜ் வழியாக, டோக்கியோவுக்குப் பறக்கலாயிற்று. இலண்டனிலிருந்து அங்கரேஜ் வழியாகச் செல்லின் தூரம் ஏறத்தாழ 12,750 கிலோமீற்றர். அஃதாவது மூன்றிலொரு பங்கு மிகுதி. பின்னர் சைபீரிய வழி திறந்தது. 2022 இல் உக்ரேன் போரை அடுத்து இரசியா பல ஐரோப்பிய நாடுகளின் விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது. யப்பானிய விமானங்களும் அவ்வழியைத் தவிர்த்தன. சில தெற்கே மத்திய ஆசியா வழியாகவும், சில வடக்கே அலாஸ்கா வழியாகவும் சுற்றின. 12 மணி நேரப் பயணம் 14 மணிக்கு மேலாயிற்று. பூமி சிறிதும் பெருக்கவில்லை. மனிதர் பகையே வழியை நீட்டியது.

மாணவர் இம்முறையாற் கொழும்புக்கும் இலண்டனுக்கும் உள்ள தூரத்தைக் கணித்துப் பார்ப்பாராக. கொழும்பு 6.9 பாகை வட அகலக்கோட்டில் உளது. நெடுங்கோட்டு வித்தியாசம் 80 பாகை. விடை ஏறத்தாழ 8,720 கிலோமீற்றர் வருதல் வேண்டும். விடை கண்டபின் உருண்டையில் நூலை வைத்து, அது எந்தெந்த நாடுகளின் மேலாகச் செல்கின்றதென்பதையும், அவற்றுள் எவை இன்று வழிவிடுமென்பதையும் ஆராய்வாராக.