நோஞ்சான் குஞ்சு: முதலில் சூடு, பிறகு தண்ணீர், அப்புறம்தான் தீனி

பொரித்த முதல் நாளில் சாகிற கோழிக்குஞ்சு பசியால் செத்து நான் பார்த்ததே அபூர்வம். குளிரால்தான் சாகும். திருவாதவூர்ப் பக்கம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். “ஏத்தா, இந்த வேக்காட்டுல குஞ்சுக்கு லைட்டு வேறயா?” என்று பக்கத்து வீட்டு அப்பத்தா ஒவ்வொரு சித்திரையிலும் கேட்பார்.

கேள்வி நியாயமானதுதான். மதுரை வெயில் 40 டிகிரியைத் தொடும். ஆனால் அப்போதுதான் ஓட்டை விட்டு வந்த குஞ்சு நனைந்து கிடக்கிறது. உடம்பில் இறகில்லை, பூமயிர் மட்டும்தான். இறகு முளைக்கும்வரை தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ள அதற்குத் தெம்பு கிடையாது. முதல் வாரம் அதன் முதுகு மட்டத்தில் 35 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். சித்திரை விடியற்காலையிலேயே நம்மூரில் அந்தச் சூடு இருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழை இரவில் கேட்கவே வேண்டாம். தாய்க்கோழியின் வயிற்றடியில் இருக்கிற குஞ்சுக்கு இந்தக் கவலை இல்லை. ஒதுங்கிக் கிடக்கும் நோஞ்சானுக்குத்தான் ஆபத்து.

அது ஏன் ஒதுங்கிக் கிடக்கிறது என்றால், கோழி 21 நாள் அடை கிடந்தாலும் எல்லா முட்டையும் ஒரே நேரத்தில் பொரிவதில்லை. முதலில் வந்த குஞ்சுகள் ஓடியாடத் தொடங்கியதும் ஒன்றிரண்டு நாளில் தாய் அவற்றைக் கூட்டிக்கொண்டு மேய்ச்சலுக்குக் கிளம்பிவிடும். கடைசியில் பொரித்தது ஈரம் காயாமல் கூடையிலேயே கிடக்கும். அதனால் கோழி எழுந்த பிறகு கூடையைக் கிளறிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கூமுட்டைகளோடு சேர்த்துத் தூக்கி எறியப்படும் குஞ்சுகளும் உண்டு.

ஓட்டை நாம் உடைக்கலாமா?

முட்டையில் முதல் கீறல் விழுந்ததிலிருந்து குஞ்சு வெளியே வர அரை நாள் முதல் ஒரு நாள் வரை ஆகும். நடுவில் மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கும். அது செத்துவிடவில்லை. மிச்சமிருக்கும் மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது. ஓட்டின் உள்சவ்வில் ஓடும் ரத்தமும் அப்போதுதான் உடம்புக்குள் திரும்புகிறது. அவசரப்பட்டு உரித்தால் அந்த ரத்தம் நம் விரலில்தான் ஒட்டும்.

கீறல் விழுந்து ஒரு நாள் முழுசாகக் கடந்து, சவ்வு காய்ந்து பழுப்பேறிக் குஞ்சின் மேல் ஒட்டியிருந்தால் மட்டும் உதவலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் சவ்வை ஈரப்படுத்துங்கள். அலகுப் பக்கம் தண்ணீர் போகக் கூடாது. நகக்கண் அளவுக்கு ஓட்டை எடுத்துவிட்டு நிறுத்துங்கள். ஒரு சொட்டு ரத்தம் தெரிந்தாலும் அப்படியே விட்டுவிட வேண்டும். கடைசி உதையைக் குஞ்சே உதைத்து வரட்டும்.

சூடு

குஞ்சின் பாதத்தை உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் வேறு எந்த வைத்தியமும் அப்போது வேண்டாம். இரண்டு உள்ளங்கைக்குள் மூடிப் பிடித்து, கைச்சூட்டிலேயே கொஞ்ச நேரம் வைத்திருங்கள். பிறகு பெட்டிக்கு மாற்றுங்கள்.

காய்கறிக் கடை அட்டைப்பெட்டி போதும். அடியில் சாக்கு விரியுங்கள். செய்தித்தாள் வழுக்கும், வழுக்குகிற தரையில் நிற்கப் பழகும் குஞ்சுக்குக் கால் அகன்றுவிடும். உமி நல்ல படுக்கைதான், ஆனால் முதல் இரண்டு மூன்று நாள் குஞ்சு அதைத் தீனி என்று கொத்தும், அப்புறம் போடலாம்.

பெட்டியின் ஒரு ஓரத்தில் மட்டும் 60 வாட் குண்டு பல்பைத் தொங்கவிடுங்கள். இங்கே ஒரு விஷயம்: கடையில் பல்பு என்று கேட்டால் இப்போது எல்இடிதான் தருவார்கள். அதில் வெளிச்சம் வரும், குஞ்சுக்குப் போதுமான சூடு வராது. பழைய குண்டு பல்பையே கேட்டு வாங்குங்கள். அட்டையிலும் சாக்கிலும் படாமல் உறுதியாகக் கட்டுங்கள்.

உயரம் சரியா என்பதைக் குஞ்சே சொல்லும். பல்புக்கு அடியில் ஒடுங்கிக்கொண்டு விடாமல் கத்தினால் சூடு போதவில்லை. எதிர் மூலைக்குப் போய் வாயைப் பிளந்து மூச்சு வாங்கினால் அதிகம். காலை நீட்டிப் படுத்துத் தூங்கினால் சரி. சித்திரை, வைகாசிப் பகலில் பல்பை அணைத்துவிட்டு இரவில் மட்டும் போட்டாலே போதும்; அப்போது வெக்கையில் வதங்குவதுதான் பயம். வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறையும்படி பல்பை உயர்த்திக்கொண்டே வாருங்கள். கரண்ட் போனால் பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றிப் பக்கத்தில் வையுங்கள்.

தண்ணீர்

உடம்பு சூடேறி, தலை நிமிர்ந்த பிறகுதான் தண்ணீர். வெதுவெதுப்பான தண்ணீரில் துளி கருப்பட்டியோ குளுக்கோஸோ கரைத்து, அலகின் நுனியை மட்டும் தொட்டு எடுங்கள். தலையைத் தூக்கி விழுங்கும். சிரிஞ்சால் தொண்டைக்குள் பீய்ச்சினால் மூச்சுக்குழாயில் இறங்கிக் குஞ்சு போய்விடும். இனிப்புத் தண்ணீர் முதல் நாளோடு சரி. தொடர்ந்தால் கழிச்சல் வரும். பிறகு வெறும் தண்ணீரை மூடி போன்ற ஆழமில்லாத தட்டில் வைத்து, கூழாங்கல் நாலைந்து போடுங்கள். நோஞ்சான் குஞ்சு அரை அங்குலத் தண்ணீரில்கூட முகம் குப்புற விழுந்து மூழ்கிவிடும்.

தீனி

“பசிக்குமே” என்று முதல் நாளே ஊட்ட வேண்டியதில்லை. உள்ளே இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு இரண்டு நாள், சமயத்தில் மூன்று நாள்கூடத் தாங்கும். நாமக்கல், பல்லடம் பக்கத்துப் பொரிப்பகங்களிலிருந்து ஒரு நாள் குஞ்சுகள் தீனியில்லாமலே பெட்டியில் பயணம் செய்து வருவது இதனால்தான். அமெரிக்காவில் 1918 முதல் குஞ்சுகளைத் தபாலிலேயே அனுப்புகிறார்கள். சில்லிட்ட குஞ்சின் குடலில் எதுவும் செரிக்காது. ஊட்டியது இரைப்பையில் கிடந்து புளிக்கும்.

கொத்தத் தொடங்கியதும், நன்றாகப் பொடித்த குஞ்சுத்தீவனம் அல்லது கைக்குத்தல் நொய். தெம்பு குறைவாக இருந்தால் வேகவைத்த மஞ்சள் கருவைக் கடுகளவு உதிர்த்துப் போடலாம். மிச்சத்தை உடனே எடுத்துவிடுங்கள், நம்மூர் வெக்கையில் சீக்கிரம் கெட்டுவிடும். விரல் நுனியால் தட்டைத் தட்டிக் காட்டினால் தாய் கொத்துகிறது என்று நினைத்துத் தானும் கொத்தும்.

நொய்யை மட்டும் நம்பினால் வளர்த்தி இருக்காது, புரதம் வேண்டும். இரண்டாம் வாரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரையான் கொடுக்கலாம். பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, வைக்கோல் போட்டுத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலையில் உள்ளே மொய்த்திருக்கும். வெயில் ஏறுமுன் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மண்ணுக்குள் இறங்கிவிடும். காசு செலவில்லாத புரதம்.

கால், தொப்புள், பின்புறம்

கால் இரண்டும் பக்கவாட்டில் அகன்று கிடந்தால் முதல் இரண்டு நாளுக்குள் கவனிக்க வேண்டும். பேண்டேஜ் ஒட்டியை மெல்லிய பட்டையாக வெட்டி, நிற்கும்போது இருக்க வேண்டிய இடைவெளி விட்டு இரண்டு காலையும் சேர்த்து ஒட்டுங்கள். இறுக்கினால் பாதம் வீங்கும். தினமும் அவிழ்த்துப் பார்த்து மாற்றினால் பெரும்பாலும் நாலைந்து நாளில் கால் கூடிவிடும்.

தொப்புள் மூடாமல் ஈரமாக இருந்தால் போவிடோன் அயோடின் ஒரு சொட்டு வையுங்கள். அங்கே தொங்கும் காய்ந்த நூலைப் பிடித்து இழுக்காதீர்கள். பின்புறம் எச்சம் ஒட்டி அடைத்திருந்தால் வெந்நீர்ப் பஞ்சால் ஊறவைத்துத் துடைத்து, துளி தேங்காய் எண்ணெய் தடவுங்கள். காய்ந்த எச்சத்தைப் பிய்த்தால் தோலும் சேர்ந்து வரும். துடைத்தபின் ஈரம் காயும்வரை பல்புக்கு அடியில் இருக்கட்டும்.

தாயிடம் சேர்ப்பது

தனியாக வளரும் குஞ்சு கத்திக் கத்தியே சோர்ந்துவிடும். சாதுவான இன்னொரு குஞ்சைத் துணைக்கு விடுங்கள். தானாக நின்று, ஓடி, கொத்தித் தின்னும் நிலை வந்ததும் தாயிடம் விடலாம். பகலில் விட்டால் சில கோழிகள் கொத்தித் துரத்தும். இருட்டிய பிறகு, பஞ்சாரத்துக்குள் கோழி படுத்திருக்கும்போது, இறக்கைக்கு அடியில் மெல்லத் தள்ளிவிடுங்கள். விடிந்ததும் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள்.

தடுப்பு மருந்து

நாட்டுக்கோழியைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோவது வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிக்கெட். அதற்கு முதல் வாரக் கடைசியில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து, பிறகு எட்டாவது வாரத்தில் ஊசி. மருந்துப் புட்டி நூறு குஞ்சுக் கணக்கில் வரும், கலந்தால் ஓரிரு மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும். தெருவில் நாலைந்து வீடு சேர்ந்து ஒரே காலையில் போட்டுக்கொண்டால் வீணாகாது. கால்நடைத் துறை நடத்தும் கழிச்சல் தடுப்பூசி முகாமையும் விடாதீர்கள். நோஞ்சானுக்கு மட்டும் அவசரம் வேண்டாம். மற்றவை போட்டுக்கொள்ளட்டும், அது தேறட்டும். ஆன்டிபயாட்டிக்கை நாமாக வாங்கிக் கலக்காமல் கால்நடை மருந்தகத்தில் காட்டிக் கேளுங்கள்.

தேறாதவையும் உண்டு

வயிறு உப்பி நீலம் பாய்ந்து, தொப்புளில் நாற்றம் வந்தால் அது பெரும்பாலும் பிழைக்காது. மற்றவற்றுக்குத் தொற்றாமல் உடனே பிரித்துவிடுவதுதான் செய்யக்கூடியது. அலகு கோணலாகப் பிறந்தது தேறினாலும் அதை இனப்பெருக்கத்துக்கு விட வேண்டாம்.

குஞ்சு நோஞ்சானாவதில் பெரும் பங்கு முட்டை வைக்கும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. ஒரு வாரத்துக்கு மேல் பழசான முட்டையை வைக்காதீர்கள். சிறிய கோழிக்குப் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் போனால் ஓர முட்டைகளுக்குச் சூடு எட்டாது. எல்லாவற்றையும் ஒரே நாளில் வையுங்கள். ஒவ்வொன்றிலும் கரித்துண்டால் ஒரு கோடு போடுங்கள். அடைக்கோழி தண்ணீர் குடிக்க எழுந்துபோகும் நேரம் பார்த்து மற்றக் கோழிகள் அதே கூடையில் முட்டையிடும். அந்த முட்டைதான் மூன்று நாலு நாள் பிந்திப் பொரித்து, தாய் இல்லாமல் கிடக்கும். கோடு இல்லாத முட்டை கண்ணில் பட்டால் அன்றைக்கே எடுத்து ஆம்லெட் போட்டுவிடுங்கள்.