பழைய ஜீப் வண்டிக்கு ஏற்ற அச்சுப் பல் விகிதம்

உழவர் பெருமக்கள் சிலரிடம் பழைய நான்கு சக்கர இயக்க ஜீப் வண்டிகள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பின்புறம் பெட்டி கட்டி, பிக்கப் வண்டியாக்கி, உர மூட்டையும் காய்கறிக் கூடையும் ஏற்றிச் செல்கின்றனர். "வண்டி ஓடவில்லை, பல்லை மாற்றிவிடலாம்" என்று மெக்கானிக் சொன்னவுடன் சம்மதித்துவிடாமல், முதலில் சில கணக்குகளைப் போட்டுப் பார்த்தல் வேண்டும். உழவியல் ஆசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். எங்கள் வீட்டிலேயே இந்தக் கணக்குப் போடாமல் நட்டப்பட்டோம், அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் தாம்பரத்தை அடுத்த செம்பாக்கம். 2021இல் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்துவிட்ட இவ்வூரில் இப்போது வயலைக் காண்பதைவிட வீட்டு மனைகளைக் காண்பதே எளிது. என் சித்தப்பா வசிப்பது இங்கே, பயிர் செய்வது மதுராந்தகம் பக்கத்தில். ஆகவே அவர் ஜீப்புக்கு இரண்டு வேலை: ஐம்பது கிலோமீட்டருக்குமேல் ஜி.எஸ்.டி. சாலையில் ஓட வேண்டும். பிறகு சேறான வாய்க்கால் கரையில் சுமையுடன் ஏற வேண்டும். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணான தேவைகள்.

பல் விகிதம் என்பது என்ன?

அச்சின் நடுவிலுள்ள உருண்டைக் கூட்டுக்குள் பினியன் என்னும் சிறு பற்சக்கரமும் கிரவுன் என்னும் பெரிய பற்சக்கரமும் உள்ளன. பினியனில் 8 பல்லும் கிரவுனில் 43 பல்லும் இருந்தால், 43ஐ 8ஆல் வகுக்க 5.38 என வரும். அதாவது ப்ரொப்பல்லர் ஷாப்ட் 5.38 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். எண் பெரிதானால் இழுவை மிகும், வேகம் குறையும். எண் சிறிதானால் இதற்கு நேர்மாறு.

இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பில் 39க்கு 8, அதாவது 4.88 விகிதம் இருந்தது. 1945இல் அதே நிறுவனம் உழவர்களுக்கும் விற்பதற்கென சி.ஜே.-2ஏ வண்டியை வெளியிட்டபோது அதை 5.38ஆக உயர்த்தியது. கலப்பை இழுக்கவும் சுமை இழுக்கவும் அதுவே ஏற்றது என்பது அவர்கள் கண்ட முடிவு. நம் நாட்டில் மகிந்திரா நிறுவனம் 1947 முதல் ஜீப்புகளைப் பூட்டி விற்றது. பின்னர் வந்த உயர்ந்த பானெட் கொண்ட சி.ஜே.-3பி வகையிலும் 5.38 விகிதமே. ஆக, பழைய ஜீப்பின் பல் உழவனுக்காகவே அமைக்கப்பட்டதுதான்.

பின் ஏன் இத்தனை பேர் மாற்ற நினைக்கிறார்கள்? இன்ஜின் மாறியதே காரணம். அந்தப் பெட்ரோல் இன்ஜின் நிமிடத்துக்கு 4,000 சுற்று வரை எட்டக்கூடியது. பெட்ரோல் செலவு தாங்காமல் பலரும் டீசலுக்கு மாற்றினர். இன்டர்நேஷனல் பி-275 டிராக்டர் இன்ஜினின் வழிவந்த டீசல் இன்ஜின்களும் ஜீப்புகளில் ஏறின. அந்த இன்ஜின் டிராக்டரில் 2,000 சுற்றுக்கும் குறைவாக ஓட வடிவமைக்கப்பட்டது. டிராக்டரின் மாட்டைக் குதிரையின் வேகத்தில் ஓட்டினால் என்ன ஆகுமோ அதுவே சாலையில் நடக்கிறது.

கணக்கு

முதலில் டயரின் சுற்றளவை அளத்தல் வேண்டும். வழக்கமான சுமையை ஏற்றி, டயரிலும் தரையிலும் சாக்கட்டியால் கோடிட்டு, ஒரு முழுச் சுற்று உருட்டி, தரையில் அளவெடுக்கவும். 6.00-16 டயருக்கு ஏறக்குறைய 2.2 மீட்டர் வரும். மணிக்கு 60 கி.மீ. என்பது நிமிடத்துக்கு 1,000 மீட்டர். ஆயிரத்தை 2.2ஆல் வகுத்து, பல் விகிதத்தால் பெருக்கினால் டாப் கியரில் இன்ஜின் சுற்று கிடைத்துவிடும்:

5.38 விகிதத்தில் – சுமார் 2,450 சுற்று
4.88 விகிதத்தில் – சுமார் 2,220 சுற்று
4.56 விகிதத்தில் – சுமார் 2,070 சுற்று
3.73 விகிதத்தில் – சுமார் 1,700 சுற்று

கடைசி எண்ணைப் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. வயலில் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். மூன்று கியர் கொண்ட பழைய ஜீப்பில் முதல் கியர் சுமார் 2.8, லோ கியர் சுமார் 2.46. இவற்றுடன் 5.38ஐப் பெருக்கினால் மொத்தம் 37. இன்ஜின் 1,000 சுற்றில் வண்டி மணிக்கு 3.6 கி.மீ. வேகத்தில் ஊர்ந்து செல்லும். ஆள் கூடவே நடந்து கூடை ஏற்றலாம். 3.73 போட்டால் மொத்தம் 26க்குச் சற்றுக் குறைவு. வேகம் 5 கி.மீ.க்கு மேல். கரை ஏறும்போது கிளட்சை அரைகுறையாக மிதித்துச் சமாளிக்க வேண்டி வரும். கிளட்ச் தட்டு எத்தனை நாள் தாங்கும்? அன்றியும், மூன்று கியர் வண்டியில் இரண்டாம் கியருக்கும் டாப் கியருக்கும் இடையே பெரிய இடைவெளி உண்டு. சிறு மேட்டில்கூட டாப்பில் திணறி, இரண்டாவதில் அலறும்.

என் கருத்தில், பெட்ரோல் இன்ஜின் மாறாத வண்டிக்கு 5.38ஐத் தொடாமலிருப்பதே நல்லது. டீசல் இன்ஜினுடன் பாதி சாலை, பாதி வயல் என்றால் 4.88 பொருந்தும். பெரும்பாலும் தார்ச் சாலையில் ஓடும் வண்டிக்கு மட்டும் 4.56 போதும். இதில் 5.38ஐவிட இழுவை நூற்றுக்குப் பதினைந்து பங்கு குறையும் என்பதை மறக்கலாகாது.

பல்லைத் தொடாமலே செய்யக்கூடிய வழியும் ஒன்றுண்டு. 2.4 மீட்டர் சுற்றளவுள்ள பெரிய டயர் போட்டால் 5.38 பல்லே 4.93போல வேலை செய்யும். ஆனால் பிரேக்கின் பிடி அந்த அளவுக்குக் குறையும், ஸ்டியரிங்கும் கனக்கும். ஏற்கெனவே பெரிய டயர் போட்டவர்கள் பல்லையும் குறைத்தால் இரட்டை நட்டம்.

முன்னும் பின்னும் ஒன்றாக

எங்கள் சித்தப்பாவின் தவறு இங்கேதான். சாலையில் இன்ஜின் அலறுகிறது என்று ஒரு பட்டறையில் பின் அச்சை மட்டும் 4.56ஆக மாற்றினார்கள். முன் அச்சு 5.38ஆகவே இருந்தது. "முன்பக்கம் எப்போதாவதுதானே இழுக்கும்" என்று சொன்னார்களாம். கார்த்திகை மழையில் கரை ஏற நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டார். பின் சக்கரம் 100 மீட்டர் போக முயலும்போது முன் சக்கரம் 85 மீட்டர்தான் போக முயலும். சேற்றில் அந்த வேறுபாடு வழுக்கலாகக் கழிந்துவிட்டது. லீவரை எடுக்காமல் தார்ச் சாலைக்கு ஏறியதும் சக்கரம் வழுக்க இடமில்லை, லீவர் இறுகிக்கொண்டது, சிறிது தூரத்தில் முன் ப்ரொப்பல்லர் ஷாப்டின் ஜாயிண்ட் உடைந்தது. பின் அச்சுக்குச் செலவழித்ததைவிட அதிகமாக முன்பக்கத்துக்குச் செலவானது. முன் அச்சின் கிரவுன் பின்னதைவிடச் சிறியது. ஒன்றை மற்றொன்றில் போட முடியாது. எனவே இரண்டு செட் வாங்கும் செலவைச் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும். இரண்டுக்கும் பணம் இல்லையெனில் ஒன்றையும் மாற்ற வேண்டாம். விகிதம் ஒன்றாக இருந்தாலும், காய்ந்த தார்ச் சாலையில் நான்கு சக்கர இயக்கத்தைப் போடலாகாது.

வாங்குமுன் இருப்பதை எண்ணுங்கள்

கைமாறிய வண்டியில் என்ன பல் இருக்கிறது என்று உரிமையாளருக்கே தெரியாது. சமதரையில் நிறுத்தி, மற்ற மூன்று சக்கரங்களுக்கும் இருபுறமும் கட்டை கொடுத்து, ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, அச்சின் கீழ் ஸ்டாண்டு வைக்கவும். பழைய ஜீப்பில் கைப்பிரேக் ப்ரொப்பல்லர் ஷாப்டைப் பிடிப்பதால் அதை எடுத்துவிட்டுத்தான் எண்ண முடியும். ஆகவே கட்டை மிக முக்கியம். கியரை நியூட்ரலில் வைத்து, தூக்கிய சக்கரத்தை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றவும். மறுசக்கரம் நிற்பதால் ஒன்றல்ல, இரண்டு சுற்று. ஷாப்ட் ஐந்தும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலும் சுற்றினால் 5.38, ஐந்துக்குச் சற்றுக் குறைந்தால் 4.88, நான்கரைக்குச் சற்று மேல் என்றால் 4.56. முன் அச்சையும் இவ்வாறே எண்ணலாம்; நான்கு சக்கர லீவர் விலக்கப்பட்டிருக்க வேண்டும்.

புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தையில் வாங்குவோர், கிரவுனையும் பினியனையும் ஒரே ஜோடியாக வாங்குதல் வேண்டும். இரண்டும் சேர்த்துத் தேய்த்துப் பொருத்தப்பட்டவை. பொறித்துள்ள ஜோடி எண் இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். தனித்தனியாக வாங்கினால் அச்சு ஊளையிடும். பூட்டும்போது டயல் கேஜ் வைத்துப் பல் இடைவெளியும், சாயம் தடவிப் பல் படும் இடமும் பார்க்கும் மெக்கானிக்கிடமே கொடுக்கவும். ஹைப்பாய்டு வகைக் கியர் ஆயில் ஊற்றி, முதல் சில நூறு கிலோமீட்டர் சுமையின்றி ஓட்டி, அந்த ஆயிலை வடித்துப் புதிது ஊற்றவும்.

இந்த வண்டிகளில் வேகமானி, அச்சுக்கு முன்னாலேயே சுற்றை எடுத்துக்கொள்கிறது. 5.38இலிருந்து 4.56க்கு மாறியபின் முள் 51 காட்டும்போது வண்டி உண்மையில் 60இல் ஓடும். சித்தப்பா வண்டியில், முள்ளின் கண்ணாடிமேல் சிவப்புச் சாயத்தால் ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறோம்.