பாவலரைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்

நம்பிக்கை: கெட்டிக்காரர் ஒரே நேரத்தில் பத்து வேலை பார்ப்பார்.

நாகர்கோவில் பக்கம் இதைச் சொல்பவர்கள் கையோடு ஒரு சாட்சியையும் வைத்திருப்பார்கள்: இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலர். 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா நகர மண்டபத்தில் சதாவதானம் செய்து காட்டியவர். நூறு விஷயத்தில் கவனம் வைத்த மனிதர் பிறந்த ஊரில், போன் பேசிக்கொண்டே கோப்பு பார்க்க முடியாதா என்பார்கள்.

உண்மை: அவதானம் அப்படி நடப்பதில்லை. ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார். இன்னொருவர் கணக்குச் சொல்வார். முதுகில் கல் விழும், மணி அடிக்கும். எத்தனை என்று கடைசியில் ஒப்பிக்க வேண்டும். ஆனால் யார் எதைக் கேட்பது என்று முன்பே வகுத்திருப்பார்கள். ஒவ்வொன்றாக வாங்கி, விட்ட இடத்தை மனதில் குறித்துவிட்டுத்தான் அவதானி அடுத்ததற்குப் போகிறார். அதற்குப் பின்னால் ஆண்டுக்கணக்கான பயிற்சி இருக்கிறது. நம் அலுவலகங்களில் அப்படி வகுத்த முறையும் இல்லை, குறிப்பும் இல்லை. குறுக்கீடு மட்டும் இருக்கிறது.

தாலுகா அலுவலகத்தில் ஓர் எழுத்தர் பட்டா மாறுதலுக்கான சர்வே எண்ணைப் பத்திரத்தோடு ஒத்துப்பார்த்துக் கணினியில் ஏற்றுகிறார். பாதி எண்ணில் ஜன்னலோரம் ஒரு குரல்: “சாரே, ஒரு நிமிசம்.” பதில் சொல்லிவிட்டுக் குனிந்தால் உட்பிரிவு ஏ-யா, பி-யா? பத்திரத்தை முதலிலிருந்து புரட்ட வேண்டும். புரட்டாமல் விட்டால், திருத்தம் கேட்டு மாதக்கணக்கில் அலையப்போவது நிலத்துக்காரர்.

நம்பிக்கை: ஒரு நிமிடம்தானே, என்ன கெட்டுவிடும்?

உண்மை: முடிக்காமல் விட்ட வேலையில் மனதின் ஒரு பகுதி ஒட்டிக்கொண்டே இருக்கும் என்று ஆய்வாளர் சோஃபி லெராய் 2009-இல் எழுதினார். அதற்கு முந்தைய ஆண்டு குளோரியா மார்க் குழுவினர் நடத்திய சோதனை இன்னும் முக்கியம். இடையூறு செய்யப்பட்டவர்கள் வேலையைச் சீக்கிரமாகவே முடித்தார்கள், தரமும் குறையவில்லை. கூடியது மன அழுத்தமும் எரிச்சலும். அதனால்தான் மேலதிகாரி கண்ணுக்கு இந்த நஷ்டம் படுவதில்லை. அது சாயங்காலம் அந்த எழுத்தரோடு வீட்டுக்குப் போகிறது.

நம்பிக்கை: தொந்தரவு வெளியிலிருந்துதான் வருகிறது, கதவைச் சாத்தினால் தீரும்.

உண்மை: அலுவலகங்களில் உட்கார்ந்து கவனித்த ஆய்வுகளில், குறுக்கீடுகளில் பாதிக்கு அருகில் தாமே வேலையை விட்டு வேறொன்றுக்குத் தாவியவை. வாட்ஸ்அப்பைத் திறக்க யாரும் கதவைத் தட்ட வேண்டியதில்லை. தவிர, பேச்சிப்பாறையிலிருந்து பஸ் ஏறி ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு வருகிறவர் இடையூறு அல்ல. அவருக்காகத்தான் அந்த அலுவலகமே இருக்கிறது. அவர் முகத்தில் கதவைச் சாத்துவதை எந்த ஆய்வைக் காட்டியும் நியாயப்படுத்த முடியாது.

செய்யக்கூடியது சிறியது. நிமிர்வதற்கு முன் நின்ற வரியில் பென்சிலால் ஒரு கோடு. சக ஊழியர்களின் சந்தேகங்களைச் சேர்த்துவைத்துப் பதினொன்றரை டீக்குக் கேட்பது. போன் மேசை இழுப்பறைக்குள். திங்கட்கிழமை குறைதீர் நாள். அன்று மனுக்காரர்களுக்கு முழுதாகக் காது கொடுத்துவிட்டு, சர்வே எண் ஒத்துப்பார்க்கும் வேலையைச் செவ்வாய் காலைக்கு வைத்துக்கொள்ளலாம்.