எண்ணிக்கை சரியாக இருந்தால்தான் சிப் உறங்கும்: லினக்ஸ் டிரைவரில் மின்சாரத்தைக் கையாளும் முறை

கேமரா சென்சாருக்கு டிரைவர் எழுதி, திரையில் படமும் வந்துவிட்டால் வேலை முடிந்ததாகத் தோன்றும். உண்மையில் பாதிதான் முடிந்திருக்கிறது. யாரும் படம் எடுக்காத நேரத்தில் அந்தச் சிப் அணைந்து கிடக்கிறதா என்பதுதான் மீதிப் பாதி. பேட்டரியில் ஓடும் கருவியில் இந்தப் பாதியை விட்டுவைக்கக் கூடாது.

ராஸ்பெர்ரி பை கேமரா மாட்யூல் 2-இல் உள்ள சோனி ஐஎம்எக்ஸ்219 சென்சாரை எடுத்துக்கொள்வோம். முதலில் டேட்டாஷீட்டைத் திறந்து சிப்புக்கு என்னென்ன வேண்டும் என்று எழுதி வையுங்கள். இதற்கு மூன்று மின்னழுத்தங்கள் தேவை: அனலாக் பகுதிக்கு 2.8 வோல்ட், உள்ளீடு-வெளியீட்டுக்கு 1.8, உட்கருவுக்கு 1.2. கூடவே 24 மெகாஹெர்ட்ஸ் கிளாக், ஒரு ரீசெட் கம்பி. ரீசெட்டை விடுவித்த பிறகு சிப் விழித்துப் பதில் சொல்ல ஆறு மில்லிசெகண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். உங்கள் கருவி முதன்மைச் செயலிச் சிப்பான எஸ்ஓசிக்கு உள்ளேயே இருக்கும் பகுதி என்றால், அது எந்தப் பவர் டொமைனில் இருக்கிறது என்பதையும் பட்டியலில் சேருங்கள்.

இவை எதுவும் உங்கள் டிரைவருக்கு மட்டும் சொந்தமல்ல. அதே 1.8 வோல்ட் ரெகுலேட்டரில் டச் சிப்பும் தொங்கிக்கொண்டிருக்கலாம். அதனால்தான் கெர்னல் ஒவ்வொரு ரெகுலேட்டருக்கும் கிளாக்குக்கும் எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் என்று எண்ணி வைக்கிறது. ‘இயக்கு’ என்றால் எண் ஒன்று கூடும், ‘அணை’ என்றால் ஒன்று குறையும். பூஜ்யத்தைத் தொட்டால்தான் மின்சாரம் நிற்கும். இரண்டு முறை கேட்டு ஒரு முறை மட்டும் விட்டால் அந்த ரெகுலேட்டர் அணையவே அணையாது. பிழைச் செய்தியும் வராது, பேட்டரி மட்டும் தேயும்.

அடுத்தது, இரண்டு ஃபங்ஷன்கள்: சிப்பை எழுப்பும் ரன்டைம் ரெஸ்யூம், உறங்கவைக்கும் ரன்டைம் சஸ்பெண்ட். ரெஸ்யூமில் முதலில் ரெகுலேட்டர்கள், பிறகு கிளாக், பிறகு ரீசெட் விடுவிப்பு, கடைசியில் காத்திருப்பு. சஸ்பெண்டில் பொதுவாக இதன் தலைகீழ் வரிசை; டேட்டாஷீட் வேறு சொன்னால் அதையே கேளுங்கள். ரெஸ்யூமின் நடுவே கிளாக் கிடைக்காமல் போனால், அதற்கு முன் இயக்கிய ரெகுலேட்டர்களை அணைத்துவிட்டுத்தான் பிழையைத் திருப்ப வேண்டும். மின்சாரம் போனால் ரெஜிஸ்டர் மதிப்புகளும் போய்விடும். ஆகவே எக்ஸ்போஷர், கெயின் போன்றவற்றை நினைவகத்தில் வைத்திருந்து, ஸ்ட்ரீம் தொடங்கும்போது மறுபடி எழுதுங்கள்.

கருவியுடன் டிரைவரை இணைக்கக் கெர்னல் அழைக்கும் புரோப் ஃபங்ஷனில் கவனம் தேவை. சிப்பின் அடையாள எண்ணைப் படிக்க அங்கேயே மின்சாரத்தை இயக்கிவிடுகிறீர்கள். கெர்னலோ எல்லாக் கருவிகளும் தொடக்கத்தில் உறங்குவதாகவே கருதும். எனவே ‘பிஎம் ரன்டைம் செட் ஆக்டிவ்’ என்று முதலில் சொல்லிவிட்டு, அதன் பிறகே ‘பிஎம் ரன்டைம் எனேபிள்’ அழைக்க வேண்டும். முதலாவதை விட்டால் சிப் விழித்திருக்கும், கெர்னல் கணக்கில் அது தூங்கும். பிறகு வரும் முதல் ரெஸ்யூம் ரெகுலேட்டரை இரண்டாம் முறை கேட்கும். கணக்கு அங்கேயே கெட்டுவிடும்.

இனி வன்பொருளைத் தொடும் ஒவ்வோர் இடத்திலும் முன்னால் ஒரு ‘கெட்’, பின்னால் ஒரு ‘புட்’; ரெகுலேட்டருக்கு இருப்பதுபோல் கருவிக்கும் உள்ள பயன்பாட்டு எண்ணை இவை ஏற்றி இறக்கும். பலரும் வழுக்கும் இடம் பிழைப் பாதை. பழைய ‘பிஎம் ரன்டைம் கெட் சிங்க்’ தோற்றாலும் எண்ணை ஏற்றி வைத்துவிடும். தோல்விதானே என்று நேராகத் திரும்பினால் அந்த ஒன்று குறையாமல் தங்கிவிடும். கெர்னலின் 5.10 பதிப்பில் வந்த ‘பிஎம் ரன்டைம் ரெஸ்யூம் அண்ட் கெட்’ தோற்றால் எண்ணைத் தானே இறக்கிவிடுகிறது. புதிய டிரைவரில் பழையதை எடுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

இன்டரப்ட் ஹேண்ட்லரில் இந்தக் கெட் செல்லாது. ரெகுலேட்டரை இயக்குவது காத்திருக்கும் வேலை, இன்டரப்டில் காத்திருக்க முடியாது. பகிர்ந்த இன்டரப்ட் கம்பி என்றால் உங்கள் சிப் உறங்கும்போதும் ஹேண்ட்லர் ஓடும். ஐ-ஸ்கொயர்-சி சிப் அப்போது பதில் தராமல் போகும், அவ்வளவுதான். ஆனால் எஸ்ஓசி உள்பகுதியின் ரெஜிஸ்டரைக் கிளாக் இல்லாமல் படித்தால் முழு போர்டும் உறைந்துபோகலாம். கருவி விழித்திருந்தால் மட்டும் எண்ணை ஏற்றும் ‘கெட் இஃப் ஆக்டிவ்’ இதற்காகவே இருக்கிறது.

எவ்வளவு நேரம் சும்மா இருந்தால் உறங்கலாம்? யுஎஸ்பி கருவிகளுக்குக் கெர்னலின் இயல்பு 2 விநாடி. விழிக்க ஆகும் நேரத்தை அளந்து, உங்கள் சிப்புக்கான ஆட்டோசஸ்பெண்ட் தாமதத்தை முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் ஃபர்ம்வேர் ஏற்ற வேண்டிய சிப்புக்குக் குறைந்த தாமதம் வைத்தால், சேமித்ததை விழிப்பதிலேயே செலவழிப்பீர்கள்.

இனிச் சரிபார்ப்பு. சிஸ்எஃப்எஸ்ஸில் கருவியின் ‘பவர்’ கோப்புறைக்குள் ‘கன்ட்ரோல்’ என்ற கோப்பில் ‘ஆன்’ என்று இருந்தால் கருவி உறங்கவே உறங்காது. ‘ஆட்டோ’ என்று எழுதுங்கள். பிசிஐ கருவிகளுக்குக் கெர்னல் தருவது பெரும்பாலும் ‘ஆன்’தான். பக்கத்திலேயே உள்ள ‘ரன்டைம் ஸ்டேட்டஸ்’ கோப்பு ‘சஸ்பெண்டட்’ என்று காட்டினாலும் நம்பிவிடாதீர்கள். அது கெர்னலின் கணக்கு மட்டுமே. டீபக்எஃப்எஸ்ஸில் ரெகுலேட்டர், கிளாக் இரண்டின் சுருக்கப் பட்டியல்களையும் பார்த்து, உங்கள் டிரைவர் கேட்டவை திரும்பிவிட்டனவா என்று எண்ணுங்கள். முடிந்தால் மின்தடத்தில் மீட்டர் வைத்து அளந்தும் பாருங்கள். மாட்யூலைப் பலமுறை ஏற்றி இறக்கிய பிறகும் அந்த எண்கள் தொடக்கத்தில் இருந்தபடியே இருக்க வேண்டும்.

புதிய போர்டில் இன்னொன்றும் நடக்கும். பூட் முடியும் தறுவாயில், யாரும் கேட்காத கிளாக்குகளைக் கெர்னல் அணைத்துவிடும். பூட்லோடர் இயக்கிவைத்த திரை அந்த நொடியில் கறுத்துப்போகலாம். ‘சிஎல்கே இக்னோர் அன்யூஸ்ட்’ என்ற பூட் அளவுருவைக் கொடுத்துப் பாருங்கள். திரை பிழைத்தால், ஏதோ ஒரு டிரைவர் தனக்கு வேண்டிய கிளாக்கைக் கேட்கவில்லை என்று தெரிந்துவிடும். அந்த டிரைவரைக் கண்டுபிடித்துத் திருத்திவிட்டு அளவுருவை எடுத்துவிடுங்கள். அதை வைத்துக்கொண்டே கருவியை விற்பனைக்கு அனுப்பினால், தேவையில்லாத கிளாக்குகளும் வாங்கியவர் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும்.